பள்ளியை நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை டீச்சர் வருவாரா?

கரூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. ஆட்டிசம். மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையும் இருக்கிறது. ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இரண்டு மூன்று சொல் சேர்த்துத்தான் பேசுவான், ஆனால் படிப்பான். பஸ் போர்டு, மாவு மில் போர்டு, அரிசி மூட்டையில் இருக்கிற எழுத்து எதையும் விடமாட்டான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது இல்லை.

போன வருடம் வரை இருந்த டீச்சர் அவனைத் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். அவர் மாறுதலாகிப் போய்விட்டார். இந்த வருடம் நான்கும் ஐந்தும் ஒரே அறையில், 38 பிள்ளைகள், ஒரே ஆசிரியர். எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது அந்தச் சத்தம் தாங்காமல் மணிக்கட்டைக் கடிக்கிறான். அதனால் வராந்தாவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு நாள் மதியம் போனபோது டவுசர் நனைந்தபடி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறான் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல் பட்டுப் பட்டுத் தோல் காய்த்துப் போயிருக்கிறது.

கோடை விடுமுறையில் இதே கை ஆறிவிட்டிருந்தது. நான் வீட்டில் இருந்தே தலையணை உறை தைத்துக் கொடுக்கிறேன். தைத்து முடித்ததை அவன் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிக் கட்டினான், ஒரு கட்டுகூடத் தப்பவில்லை. சின்ன வெங்காயம் உரித்தான். இருபது ரூபாய் கொடுத்து அனுப்பினால் தெருமுனைக் கடையில் தயிர் வாங்கி, மீதிச் சில்லறையை என் கையில் வைத்தான். அந்த இரண்டு மாதத்தில் கற்றது ஒரு வருடப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. அப்போதிருந்தே வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் மனதில் ஓடுகிறது.

ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் பள்ளிக்கு ஒரு சிறப்பு டீச்சர் வருகிறார். வியாழக்கிழமை வட்டார வள மையத்தில் பேச்சுப் பயிற்சி. டீச்சரின் பெயரை அவன் சொல்வதில்லை, "செவ்வா" என்றுதான் சொல்வான். திங்கள் சாயங்காலமே நீலச் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிடுவான், செவ்வா வருவார் என்று. வெளியே இதே பயிற்சிக்கு ஒரு முறைக்கு 500, 600 கேட்கிறார்கள். எங்களால் முடியாது.

பள்ளியில் இருந்து நிறுத்தினால் இவை நின்றுவிடுமா? மாதம் வருகிற 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் போய்விடுமா? சட்டப்படி இப்படி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பின்னால் ஒரு பத்தாம் வகுப்புச் சான்றிதழாவது வாங்க வழி இருக்குமா? அத்தை, "பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை ஊர் என்ன சொல்லும்" என்கிறார். அவன் அப்பா, "நீ தாங்குவாயா" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். வரும் திங்கள் போகலாம் என்று இருக்கிறேன்.

பழனி மளிகைக்கடை:

அம்மா, முதலில் ஒன்று. திங்கட்கிழமை டி.சி. வாங்காதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

இதை இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் நான் அதைச் செய்தவன். என் மகளுக்கு இப்போது பதினாறு நடக்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும். எட்டு வயதில் பள்ளியில் இருந்து நிறுத்தினேன். அங்கேயும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், நான் கோபத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டேன். அடுத்த வாரமே இயன்முறைப் பயிற்சிக்குப் போனால், "எமிஸில் பாப்பா பெயர் இல்லையே" என்றார்கள். எமிஸ் என்பது பள்ளி மாணவர்கள் பெயரெல்லாம் இருக்கிற கல்வித் துறையின் கணினிப் பதிவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பார்ப்பது எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்பதைத்தான். கால் தசைக்கு வாரம் ஒருமுறை நடந்த பயிற்சி இரண்டு வருடம் நின்றுபோனது. அந்த இரண்டு வருடத்தில் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கிற பழக்கம் அவளுக்கு இறுகிவிட்டது. இன்றும் மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து ஞாபகம் வரும்.

பிறகு பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் மறுபடி சேர்த்தேன். மூன்றாம் வகுப்பில் நின்றவளை ஐந்தில் சேர்த்துக்கொண்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் அது இருக்கிறது: இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். வருடத்தின் நடுவில் போனாலும் மறுக்கக் கூடாது. அந்தக் கதவு மூடாது, அதை நினைத்துப் பயப்படாதீர்கள். ஆனால் இடையில் போகிற மாதங்கள் நம் பிள்ளைகளுக்குத் திரும்பி வருவதில்லை.

சரி, வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதுகிறேன்.

முதல் வருடம் முழுக்கத் தப்பாகச் செய்தேன். கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் கரும்பலகை மாட்டி, ஒன்பதரைக்கு மணி அடித்து, தமிழ், கணக்கு, ஆங்கிலம் என்று அட்டவணை போட்டு உட்கார வைத்தேன். எந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒத்துவரவில்லை என்று நிறுத்தினேனோ அதையே வீட்டுக்குள் கட்டினேன். பள்ளியிலாவது நான்கு மணிக்கு விட்டுவிடுவார்கள். அவள் சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் கை ஓங்கிவிட்டேன். அன்று சாயங்காலம் என் மனைவி (அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார்) கரும்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, "நாளைக்கு இவளைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்" என்றார்.

கடையில் முதல் ஒரு மாதம் அவள் செய்தது ஒரே வேலை. கடுகு டப்பாவுக்குள் கையை விட்டு அளைந்துகொண்டே இருப்பாள். நான் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் கால் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது, தராசில் 250 வந்ததும் அவளாக என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எண் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! பலகையில் எழுதினால் பார்க்கமாட்டாள், சிவப்பு வெளிச்சத்தில் தராசில் ஓடுகிற எண்ணைக் கண் எடுக்காமல் பார்ப்பாள். அங்கிருந்துதான் எங்கள் படிப்பு ஆரம்பித்தது.

100, 250, 500 என்று பொட்டலம் போட்டாள். பொட்டலத்தின் மேல் ஒட்ட "கடுகு", "சீரகம்", "வெந்தயம்" என்று எழுதச் சொன்னேன். முதலில் நான் புள்ளி வைத்துக் கொடுப்பேன், அவள் இணைப்பாள். ஏழு மாதத்தில் புள்ளி இல்லாமல் "கடுகு" எழுதினாள். "அ"வில் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மளிகைச் சாமானில் இருக்கிற எழுத்துகள் முதலில் வந்தன, மற்றவை மெதுவாகப் பின்னால் வந்தன. "ஞ" வருவதற்கு மஞ்சள் தூள் வரை காத்திருந்தோம்.

இதையெல்லாம் எழுதுவது உங்கள் மகனையும் கடையில் வைக்கச் சொல்வதற்காக இல்லை. நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டீர்கள் அம்மா. பன்னிரண்டு பன்னிரண்டாக உறை அடுக்குகிறானே, அது கணக்குதானே? நாலு கட்டு சேர்த்தால் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டின்மேல் செருகச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு சத்தமில்லாமல் வந்துவிடும்.

எனக்கு இன்னும் வருத்தமாக இருப்பது ஒன்று உண்டு. அவளுக்குக் கூட்டு இல்லை. கடைக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரையும் தெரியும், அவள் வயதுப் பிள்ளை ஒன்றுகூட அவளுக்குத் தோழி இல்லை. மறுபடி பெயர் சேர்த்த பிறகு வாரம் இரண்டு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். சத்துணவு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவாள், கை கழுவிவிட்டு வந்துவிடுவோம். தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்புக்கு நாங்கள் எடுத்த வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வார்கள். பதினான்கு வயது ஆகியிருந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடம் தேறினால் போதும், அதையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஓவியம், மனையியல் போன்ற பாடங்கள் இருக்கின்றன, தமிழ் இருக்கிறது. என் மகள் ஓவியம் தேறிவிட்டாள். மனையியல் அடுத்த முறை. ஐந்தும் முடியுமா என்று இப்போது யோசிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நான், மனைவி, என் அம்மா என்று மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தோம்.

வள மைய டீச்சர்:

நான் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். பதினான்கு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை டீச்சர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்கும் ஒரு பையன் "வெள்ளி" என்று பெயர் வைத்திருக்கிறான்.

பழனி அண்ணா சொன்னது சரி. டி.சி. வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் நான் தெளிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

இல்லம் சார்ந்த கல்வி என்று ஒன்று இருக்கிறது. 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தில் வந்தது. பல்வகைக் குறைபாடு (ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு) உள்ள குழந்தையும், கடுமையான குறைபாடு உள்ள குழந்தையும் வீட்டில் இருந்தே கல்வி பெற உரிமை உண்டு என்கிறது. இந்தக் "கடுமையான" என்ற சொல்லுக்குப் பொருளை 1999ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே 80 சதவீதமும் அதற்கு மேலும். உங்கள் மகனுக்கு 60. ஆகவே உரிமை என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. பல்வகைக் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால் நிலைமை வேறு.

இந்தத் திட்டத்தில் இருக்கும் குழந்தைகளின் பெயரும் ஒரு பள்ளியின் பதிவேட்டில்தான் இருக்கும். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்போம், இயன்முறை மருத்துவரும் போவார். வீட்டில் இருந்தாலும் அவன் அந்தப் பள்ளியின் மாணவன்தான். டி.சி. வாங்கிவிட்டால் அந்தத் தொடர்பே அறுந்துவிடும். வீட்டிலேயே வைத்துக்கொண்டதற்காகப் பெற்றோருக்குத் தண்டனை என்று கல்வி உரிமைச் சட்டத்தில் எதுவும் இல்லை, பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று மட்டும் இருக்கிறது. ஆகவே போலீஸ், வழக்கு என்றெல்லாம் பயம் வேண்டாம். பெயர் இருந்து பையன் தொடர்ந்து வராவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் வருவான், எங்களைப் போல யாராவது வீடு தேடி வருவார்கள். அப்படி வருவது உங்களுக்கு நல்லதுதான், வரட்டும்.

பராமரிப்புத் தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் இருந்து வருவது. சான்றிதழைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், பள்ளிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கல்வி உதவித்தொகை என்று அதே துறை தருவது வேறு, அது படிக்கிற பிள்ளைக்கு மட்டும். நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும். இதற்கும் பள்ளி தேவையில்லை. எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே எடுங்கள்.

இப்போது மனதில் இருப்பதைச் சொல்கிறேன். அவனை வராந்தாவில் உட்கார வைத்தது தவறு. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ தனக்கு விருப்பமான சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. தாய் சோர்ந்துபோய்த் தானாக நிறுத்திவிட்டால் பள்ளிக்கு ஒரு வேலை குறைந்தது, அவ்வளவுதான். பதினான்கு வருடத்தில் இப்படி நின்ற பிள்ளைகளை எண்ணினால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே வீட்டுக் கல்வியை நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தால் நான் துணை நிற்கிறேன். வெளியே தள்ளுகிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள்.

திங்கட்கிழமை டி.சி. கேட்டு எழுதுவதற்குப் பதிலாக வேறு ஒரு கடிதம் எழுதுங்கள். தலைமையாசிரியருக்கு ஒன்று, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, இன்னொன்று வள மைய மேற்பார்வையாளருக்கு. "என் மகன் சத்தத்தால் துன்பப்படுகிறான், மணிக்கட்டைக் கடிக்கிறான். அவனுக்கான தனிநபர் கல்வித் திட்டத்தைச் செவ்வாய்க்கிழமை வருகிற சிறப்புப் பயிற்றுநரோடு உட்கார்ந்து மாற்றி எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அதில் வரவேண்டியவற்றை நீங்களே சொல்லுங்கள். வாய்ப்பாடு நேரத்தில் அவனுக்கு வேறு இடத்தில் வேறு வேலை. பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஒரு ஆள், அதைப் பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு அரை நாள் மட்டும் வருகை. காதை மூடும் ஹெட்போன் ஒன்று நீங்கள் வாங்கிக் கொடுத்தாலும் அதைப் போட்டுக்கொள்ள வகுப்பில் அனுமதி. கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நம் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. ஆகவே அரை நாள் வந்தால் வருடம் வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். பத்தாம் வகுப்பை அரசுத் தேர்வாகவே எழுத விரும்பினாலும் சலுகைகள் உண்டு: ஒரு மொழிப் பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம். பள்ளியில் தொடராத பிள்ளைகள் பன்னிரண்டரை வயதுக்கு மேல் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். ஆனால் ஒன்பது வயதில் அதைப் பற்றி நினைக்க வேண்டாம். கழிப்பறை, பேச்சு, கை கடிக்காமல் இருப்பது, இந்த மூன்றும் முதலில்.

மதுரை அக்கா:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது தங்கச்சி.

என் பையனை மூன்று வருடம் வீட்டில் வைத்திருந்தேன். அவன் நன்றாகத்தான் இருந்தான். நான் நன்றாக இல்லை. காலையில் எழுந்ததில் இருந்து படுக்கும்வரை அவனுக்கு நான்தான் டீச்சர், நான்தான் தெரபிஸ்ட், நான்தான் ஆயா. அம்மாவாக இருக்க நேரம் இல்லாமல் போய்விட்டது. சாப்பாடு ஊட்டும்போதுகூட "இது என்ன நிறம், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் அவன் என் வாயைத் தன் கையால் பொத்தினான். பேச்சு வராத பிள்ளை, அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லுவான்?

இப்போது பகல் நேரப் பராமரிப்பு மையத்துக்குப் போகிறான், காலை பத்தில் இருந்து இரண்டு வரை. அந்த நான்கு மணி நேரத்தில் நான் தூங்குகிறேன் அல்லது கோயிலுக்குப் போகிறேன். சாயங்காலம் அவனோடு இருக்கும்போது எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நீங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதென்றால், பாடம் இத்தனை மணியில் இருந்து இத்தனை மணி வரை என்று கடிகாரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் முடிந்தால் முடிந்ததுதான். தையல் வேலையையும் விட்டுவிடாதீர்கள். அது உங்கள் பணம், உங்கள் தெம்பு.

கரூர் அம்மா:

மூன்று பேருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் அப்பாவையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். மதுரை அக்கா எழுதியதைப் படிக்கும்போது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறேன் என்று கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன், குளிப்பாட்டி விடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை டி.சி. வாங்கவில்லை. டீச்சர் சொன்ன மாதிரியே கடிதம் எழுதிக்கொண்டு போனேன். எழுதும்போது கை நடுங்கியது, நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவள். முதலில் வாங்கமாட்டேன் என்றார்கள். நகல் இன்னார் இன்னாருக்குப் போகிறது என்று கீழே எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் செவ்வாய். சிறப்பு டீச்சர் வந்ததும் தலைமையாசிரியரோடு பேசி, நானும் சேர்ந்து மூன்று பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: காலையில் வழிபாட்டுக் கூட்டம் முடிந்த பிறகு பத்து மணிக்குக் கொண்டுபோய் விடுவேன், சத்துணவு சாப்பிட்டதும் கூட்டி வந்துவிடுவேன். செவ்வாய் மட்டும் முழு நாள். வாய்ப்பாடு நேரத்தில் அவன் பால்வாடிப் பிள்ளைகளின் அறைக்குப் போய்ப் படப் புத்தகங்களை அடுக்கி வைப்பான். கழிப்பறைக்குச் சத்துணவு ஆயா கூட்டிப்போவார், அவருக்கு நானே தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் பேரனுக்கும் பேச்சு வரவில்லையாம், இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று அழுதார். வியாழக்கிழமை வள மையத்துக்கு அவரையும் அந்தக் குழந்தையையும் கூட்டிப்போகப் போகிறேன்.

மதியம் இரண்டில் இருந்து மூன்று வரை வீட்டுப் பாடம். மூன்று மணிக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. (நேற்று மறந்துபோய் "இது என்ன" என்று கேட்டுவிட்டேன், உடனே நிறுத்திக்கொண்டேன்.) இது எத்தனை நாள் நடக்கும், இந்த மூன்று மாதம் முடிந்ததும் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. கை இன்னும் முழுதாக ஆறவில்லை, ஆனால் இந்த வாரம் புதிதாகப் பல் தடம் இல்லை.

பழனி அண்ணா, ஒரு சந்தேகம். கட்டின்மேல் சீட்டுச் செருகச் சொன்னீர்களே, செய்தேன். "12", "24", "36" என்று எழுதுகிறான். ஆனால் "48" வந்ததும் அங்கேயே நின்று மறுபடி "12" என்று ஆரம்பித்துவிடுகிறான். நாலு கட்டுதான் ஒரு பெரிய மூட்டை, அதற்கு மேல் நாங்கள் வீட்டில் கட்டுவதில்லை. அதனால்தானா, இல்லை அவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லையா?

பழனி மளிகைக்கடை:

அதனால்தான் அம்மா. அவனைப் பொறுத்தவரை 48 ஆனதும் மூட்டை நிறைந்துவிட்டது, வேலை முடிந்தது. ஐந்து கட்டு போடுகிற மாதிரி கொஞ்சம் பெரிய சாக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள். 60 எழுதினால் இங்கே வந்து சொல்லுங்கள், என் மகளிடமும் சொல்கிறேன்.